புறவாசல் சிலந்திகளுக்கு நான் செய்த அநியாயம்

போன வருஷம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைக்கும் என் வீட்டுப் புறவாசலுக்கு நானே பயந்துகொண்டிருந்தேன். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. 8,160 ரூபாய் பணம், ஒரு தொட்டி மீன், சுவர் இடுக்கில் பல வருஷமாகக் குடியிருந்த கொசுத்தேனீக் கூடு ஒன்று, இத்தனையும் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. நகரத்திலிருந்து தோட்டம் வைத்த வீட்டுக்குத் தனியாகக் குடிவருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காவது இந்தச் செலவு மிச்சமாகட்டும்.

எங்கள் வீடு செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு மூன்று வருஷம் பூட்டிக் கிடந்தது. கணவர் மஸ்கட்டில், மகள் கோவையில் விடுதியில். நான் ஒருத்தி சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு எதற்கு இருக்க வேண்டும் என்று, சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். புறவாசலில் ஒரு கொய்யா, ஒரு நாரத்தை, இரண்டு எலுமிச்சை, கறிவேப்பிலை, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செம்பருத்தி. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வயல். மூன்று வருஷம் யாரும் கவாத்துப் பண்ணாததால் மரமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. சிலந்திக்கு இதைவிட நல்ல மனையடி கிடைக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆகஸ்டு இரண்டாம் வாரம், இருட்டுகிற நேரம். மேல்தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டு மோட்டாரை நிறுத்த ஓடினேன். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் முகம் போய் எதிலோ மோதியது. வீட்டு மூலையில் தொங்குகிற ஒட்டடை இப்படி இருக்காது. இது முகத்தைப் பின்னால் இழுத்தது, அப்புறம் தையல் நூல் மாதிரி சடசடவென்று அறுந்தது. இரண்டு கையாலும் முகத்தை வழித்துக்கொண்டே பின்னால் வந்தபோது இடது தோளில் ஏதோ கனமாக நடந்தது. திரும்பினால், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. கத்தினேனா என்று நினைவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி டார்ச் லைட்டோடு ஓடி வந்ததைப் பார்த்தால் கத்தித்தான் இருக்க வேண்டும். அதற்குள் அது ஒரு நூலை விட்டுத் தரையில் இறங்கிச் செடிக்குள் போய்விட்டது.

“இதுக்கா இந்தக் கூப்பாடு போட்டே? நான் பாம்புன்னுல்லா நெனச்சேன்” என்றார் ஆச்சி. “அது வருஷா வருஷம் வரும் தாயி, தை மாசத்தோட போயிரும். அது பாட்டுக்கு இருக்கட்டும். சிலந்திய அடிக்கப்படாது.” கையோடு திருவானைக்கா கதையையும் சொன்னார். லிங்கத்தின் மேல் சருகு விழாமல் பந்தல் போட்ட சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது, பந்தலைக் கலைத்த யானையோடு இருந்த பழைய பகையை மறக்காமல் யானை ஏற முடியாத மாடக்கோயிலாகக் கட்டித் தள்ளியது என்று. நல்ல கதைதான். ஆனால் எனக்குத் தோள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. சோழனாவது ஒன்றாவது என்று உள்ளே போய்த் தலைக்குக் குளித்தேன்.

மறுநாள் விடிந்த பிறகு பின் கதவின் ஜன்னல் வழியாக எண்ணினேன். ஒன்பது வலைகள். வெயில் படும்போது நூல் வெள்ளையாக இல்லை, பொன் மாதிரி மஞ்சளாக மின்னியது. ஒவ்வொன்றும் ஒரு முறம் இரண்டு முறம் அகலம், அதைப் பிடித்து நிறுத்துகிற நூல்களோ மரத்துக்கு மரம் இரண்டு மூன்று மீட்டர் ஓடின. நடுவே, கொஞ்சம் மேல் பக்கமாக, தலைகீழாக அவள். கறுத்த நீளமான கால்கள், மூட்டில் மஞ்சள், உடம்பில் நெடுக மஞ்சள் கோடு. நெஃபிலா பிலிப்பெஸ் என்கிற பெயரெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். 1793 இலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களிலும் கேரளத்திலும் இலங்கையிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். பெண்ணின் உடல் மட்டும் 4, 5 சென்டிமீட்டர் வரும், காலையும் சேர்த்தால் கை அகலம். ஆணோ அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். வலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிவந்த பொடியனை நான் குட்டி என்று நினைத்தேன், புருஷன் என்று தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து புறவாசலை விட்டுவிட்டேன். கொடியில் துணி காயப்போடப் பயந்து 1,850 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். சாரல் காலத்தில் வீட்டுக்குள் காய்கிற துணியின் நாற்றம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எலுமிச்சை மரத்தடியில் விழுந்து அழுக, நான் கடையில் எலுமிச்சை வாங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் கழுத்தின் இடது பக்கம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் விரல் நீளத்துக்குச் சவுக்கால் அடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. சாயங்காலம் அதில் பொடிக் கொப்புளங்கள், மறுநாள் சீழ் வைத்தது. இடது தோளில் சிலந்தி, இடது கழுத்தில் புண். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மருந்துக்கடையில் காட்டினேன். “எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கும்” என்று ஒரு களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள், 340 ரூபாய். தெருவில் இன்னொருவர் இது அக்கி என்று அடித்துச் சொல்லி மண்பானை செய்கிற வேளார் வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெரியவர் காவியைக் குழைத்துக் கழுத்தில் எழுதினார். காசு கேட்கவில்லை, நானாக 50 ரூபாய் வைத்தேன். காவி குளிர்ச்சியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எரிச்சல் மட்டும் போகவில்லை. பத்து நாள் கழித்துக் கறுத்த தழும்போடு ஆறியது.

அந்தப் பத்து நாளில் நான் நியாயமாக யோசிக்கும் நிலையில் இல்லை. ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது போர்வைக்குள் ஏதோ நடக்கிற மாதிரியே இருக்கும். கணவரிடம் போனில் சொன்னால் “சிலந்திதானே” என்று சிரித்தார். கோபத்தில் போனை வைத்துவிட்டுப் பூச்சி மருந்து அடிக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்தேன். இரண்டு தடவை அடிக்க 4,800 ரூபாய். வந்தவர்கள் முதுகில் டாங்கியோடு நுழைந்தபோது, “துளசிப் பக்கத்தில் மீன் தொட்டி இருக்கு, மூடணுமா?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா” என்றார்கள். என்ன மருந்து என்றும் கேட்டேன், சைபர்மெத்ரின் என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதோடு சரி, அது எதையெல்லாம் கொல்லும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டு கப்பி மீனும் மிதந்தன. அந்த வகை மருந்து மீனுக்குத் துளி அளவிலேயே எமன், தேனீக்கும் அப்படித்தான். சுவர் இடுக்கில் மெழுகுக் குழல் வைத்து உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்த கொசுத்தேனீ, அம்மா இருந்த காலத்திலிருந்தே இருந்தது, இரண்டு நாளில் அடங்கிவிட்டது. எலுமிச்சையில் இருந்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் போயின. கறிவேப்பிலையைப் பறிக்கலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை, ஒரு மாதத்துக்கு மேல் தொடவில்லை. சிலந்திகள் எல்லாம் கீழே கிடந்தன, எட்டுக் காலையும் உள்ளே மடக்கிக்கொண்டு. சிலந்திக்குக் காலை நீட்டுவது உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தானாம். உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், கால் தானாக மடங்கிவிடும். அன்றைக்கு அது தெரியாது. கும்பிட்டுக்கொண்டு செத்த மாதிரி இருந்தது. கூட்டி அள்ளும்போது பாரம் இறங்கிய நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், அடிக்கிறவரிடம் மருந்தின் டப்பாவை வாங்கி அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மீன் தொட்டி, பறவைக்கு வைக்கும் தண்ணீர், கிணற்று வாய், சாப்பிடப் பறிக்கும் செடி, இந்த நான்கையும் நீங்களே காட்டிக் கேளுங்கள். “ஒண்ணும் ஆகாது” என்று வாயால் சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உண்மையில் இந்தச் சிலந்திக்கு மருந்தே தேவையில்லை. அது வீட்டுக்குள் வருவதில்லை, ஆளைத் துரத்துவதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், கடித்த இடம் கொஞ்ச நேரம் வலித்துச் சிவக்கும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ எந்தப் பூச்சியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மலையோரம் மரப்பொந்துகளில் இருக்கிற மயிரடர்ந்த பெரிய சிலந்தி வேறு இனம். அது கடித்தால் தசை பிடித்து இழுக்கும் அளவுக்கு வலி வரலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வலை நடுவில் வெட்டவெளியில் தொங்கும், அது பொந்துக்குள் ஒளிந்திருக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். நவம்பர் நடுவில், வயலில் பிசானப் பருவ நெல் நடவு முடிந்து மழை ஊற்றிக்கொண்டிருந்த வாரம், வலது முழங்கை மடிப்பில் அதே எரிச்சல், அதே கொப்புளம். புறவாசலில் ஒரு சிலந்திகூடக் கிடையாது. என் தலையில் முதல் தடவையாக ஏதோ தட்டியது. பஸ் ஏறித் திருநெல்வேலி போய்த் தோல் டாக்டரைப் பார்த்தேன். 500 ரூபாய் ஃபீஸ், 620 ரூபாய் மருந்து. இந்த மொத்தச் செலவில் உருப்படியானது இது ஒன்றுதான், முதல் புண்ணுக்கே போயிருக்க வேண்டியது.

அவர் புண்ணைப் பார்த்ததும் “கையை மடக்குங்கம்மா” என்றார். மடக்கினேன். மேல் கையில் இருந்த புண்ணும் கீழ்க்கையில் இருந்த புண்ணும் முத்திரை குத்தின மாதிரி அப்படியே பொருந்தின. “இது கடி இல்லை. மடிப்புக்குள்ள ஒரு பூச்சி நசுங்கியிருக்கு, அதோட சாறு ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு” என்றார். அப்புறம் கேள்விகள். வீட்டுக்குப் பின்னால் வயல் இருக்கிறதா? படுக்கைக்கு மேல் டியூப் லைட்டா? ஜன்னல் திறந்திருக்குமா? எல்லாவற்றுக்கும் ஆமாம். முதல் தடவை கழுத்தில் எதையாவது தட்டினீர்களா என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. சிலந்தி தோளில் ஏறிய அன்றைக்கு ராத்திரி, தூக்கம் வராமல் விளக்கைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் எறும்பு மாதிரி ஏதோ ஊர, பார்க்காமலேயே தேய்த்து எறிந்தேன்.

எறும்பு இல்லை. ஒரு சென்டிமீட்டருக்குள் நீளமான ஒரு வண்டு, உடம்பு ஆரஞ்சு, தலையும் வால் நுனியும் கறுப்பு. பெடரஸ் என்று பெயர், நைரோபி ஈ என்றும் சொல்கிறார்கள், ஆனால் ஈயே இல்லை. ஈரமான வயலில் இருக்கும், மழைக் காலத்தில் வெள்ளை விளக்குக்குப் பறந்து வரும். கடிக்காது, கொட்டாது. நாம் நசுக்கினால்தான் அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துப் பொத்துப்போகும். அன்றைக்கே எரியாததால் யார் செய்தது என்று நமக்குத் தெரியாது. பழி சிலந்திக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் எட்டுக்கால் பூச்சி மூத்திரம் என்று சொல்லப்படுவதில் எத்தனை இந்த வண்டின் வேலையோ!

இதற்கு மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், இதுதான் யாரும் எனக்குச் சொல்லாதது. மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள், கண் வீங்கிவிடும். மழைக்காலத்தில் ஜன்னலுக்கு வலை, படுக்கும் முன் தலையணையைத் தட்டிப் பார்ப்பது, படுக்கைக்கு நேர் மேலே இருக்கும் டியூப் லைட்டை எரியவிடாமல் இருப்பது. நான் மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்றைப் படுக்கையிலிருந்து தள்ளி மாட்டினேன். அதற்கப்புறம் ஒரு புண்கூட வரவில்லை. இன்னொன்று, அக்கி என்று சந்தேகம் வந்தால் காவி எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக வரும், கொப்புளத்துக்கு முன்பே வலி தொடங்கிவிடும். அதற்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டெராய்டு களிம்பை இன்ன புண் என்று தெரியாமல் தடவ வேண்டாம் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. பணத்துக்காக இல்லை. ஒன்பது வலைகளும் அந்தத் தேனீக்கூடும்தான் கண்ணில் நின்றன.

இந்த வருஷம் செப்டம்பரில் நான்கு வலைகள் வந்திருக்கின்றன. மண்ணுக்குள் தப்பித்த முட்டையிலிருந்து வந்தவையா, குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து வயல் பக்கமிருந்து வந்தவையா, தெரியாது. இந்த முறை நான் செய்தது இவ்வளவுதான். ஜூலையிலேயே நடைபாதையின் இரண்டு பக்கமும் கிளைகளை வெட்டி இரண்டு மீட்டர் இடைவெளி விட்டேன். அது வலை கட்டுவது பூச்சி பறந்து போகிற சந்தில், நாம் நடக்கிற சந்தும் பெரும்பாலும் அதுவேதான். பாதைக்குக் குறுக்கே முதல் நூல் விழுந்ததைக் காலையில் பார்த்தால் ஒரு கம்பால் எடுத்துவிடுவேன். மூன்று நாள் அப்படிச் செய்ததில் ஒருத்தி தானாக நாரத்தைக்கு மேலே ஏறிக்கொண்டாள். பெரிய வலை கட்டி முடித்த பிறகு கலைப்பதுதான் இருவருக்கும் தொல்லை. அப்படி நகர்த்தியே ஆக வேண்டியிருந்தால், கீழே ஒரு வாளியைப் பிடித்து, மேலிருந்து குச்சியால் மெல்லத் தொட்டால் தானே இறங்கும். வாளியைக் கொண்டுபோய் வேலியோரச் செடியில் சாய்த்து வைக்கலாம். விளக்குமாற்றால் அடித்தால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது, என் தோளைக் கேளுங்கள். மோட்டார் பக்கம் போகிற வழியில் வலை இருப்பதற்கு அடையாளமாக ஒரு வெள்ளைத் துணித் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். விடியற்காலையிலும் இருட்டிலும் கையில் ஒரு குச்சியை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிறேன், ஆச்சி “கம்பு ஊன்றுற வயசா ஒனக்கு?” என்று கேலி செய்வார்.

ஒரு வசதி என்னவென்றால் இவள் இடம் மாறுவது குறைவு. சில சிலந்திகள் மாதிரி தினமும் வலையை மொத்தமாகப் பிரித்துக் கட்டுவதில்லை, கிழிந்த பாகத்தை மட்டும் புதுப்பிக்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் வாரக்கணக்கில் அங்கேதான். வலையில் வெள்ளி மணி மாதிரிச் சின்னச் சின்னதாக வேறு சில சிலந்திகள் இருக்கும், அவை குஞ்சுகள் இல்லை, இவள் பிடிப்பதில் திருடித் தின்பவை. தோட்டத்துக்கு நன்மை என்று ரொம்பப் பெருமையாகவும் சொல்ல மாட்டேன். வெட்டுக்கிளியைப் பிடிக்கிறாள், வண்டைப் பிடிக்கிறாள், அதே கையோடு தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் பிடிக்கிறாள். கொசு ஒன்றும் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. நூல் மட்டும் அதிசயம்தான். மடகாஸ்கரில் இவளுடைய சொந்தக்கார இனத்தின் 12 லட்சம் சிலந்திகளிடமிருந்து நூல் எடுத்து நெய்த பொன்னிற மேலாடையை 2012 இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்தார்களாம். சாயமே போடாத நிறம். போன வருஷம் அந்த நூலை முகத்திலிருந்து வழித்து எறிந்தவள் நான்.

போன வாரம் ஒருத்தியை வலையில் காணவில்லை. தேடினால் செம்பருத்தியடியில் தரையில் இருந்தாள், வயிறு பெருத்து, முன்னங்கால்களால் மண்ணைத் தள்ளிக்கொண்டு. இந்த இனம் குழி பறித்து முட்டையிட்டு, மேலே மண்ணும் சருகும் போட்டு மூடும் என்று படித்திருந்தேன், நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. குத்துக்கால் போட்டு அரை மணி நேரம் பார்த்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தனிக்கதை. இப்போது அந்த இடத்தைச் சுற்றி நான்கு செங்கல் வைத்திருக்கிறேன். வாசல் கூட்ட வருகிற அக்கா, அந்த ஒரு முழத்தில் மட்டும் ஏன் சருகைக் கூட்ட விடமாட்டேன் என்கிறீர்கள் என்று தினமும் கேட்கிறார். சிலந்தி முட்டை என்று சொன்னால் வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து, விதை போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.